யூரானிக்கு ஊர் ஏக்கம்

துவைத்த துணிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆர்லன் டோஃப்டி மாடிப்படியின் பாதியில் நின்றார். மேலே போனால், யூரானி அழுவது தன் காதில் விழுந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கீழே இறங்கினால் மரப்படி கிறீச்சிடும். அதனால் அவள் அழுது முடிக்கும்வரை கூடையும் கையுமாக அங்கேயே நின்றார்.

அவள் போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஆர்லனுக்கு ஸ்பானிஷ் தெரியாது. 'காசா' என்றால் வீடு என்பது மட்டும் தெரியும். அந்த ஒரு சொல்தான் அழுகைக்கு நடுவே திரும்பத் திரும்ப வந்தது.

சமையலறைக்கு வந்ததும் மனைவி லிவ்வின் காதருகே போய்க் குசுகுசுத்தார்.

"போச்சு லிவ். அவளுக்கு ஊர் ஞாபகம் வந்துடுச்சு."

"யார் சொன்னா?"

"காசா காசான்னு ஒரே அழுகை."

லிவ் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "ஜனவரியோட அவ வருஷம் முடியுது. இன்னொரு வருஷம் எங்களோட இருக்கியான்னு கேட்டுடு. அவ்வளவுதானே?"

"நேராவா?" ஆர்லன் அதிர்ந்துபோனார். "நேரா கேட்டா பாவம், மறுக்க முடியாம மாட்டிக்குவா."

"அப்ப நான் கேக்கறேன்."

"அது இன்னும் மோசம். நான்தான் உன்னைத் தூது அனுப்பினேன்னு நினைப்பா."

லிவ்வும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே, அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. எங்கள் மினசோட்டாவில் ஒருவரிடம் ஒன்றை நேராகக் கேட்பதும் அவர் கன்னத்தில் அறைவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சூப்பில் உப்பில்லை என்றால், "உப்புப் போட்டுச் சாப்பிடறவங்களும் இருக்காங்க" என்போம். விருந்தாளி கிளம்பவேண்டும் என்றால் தொடையில் தட்டிக்கொண்டு, "ரோட்டுல பனி இறுகறதுக்கு முன்னாடி போறவங்களுக்குச் சௌகரியம்" என்போம். வந்த புதிதில் யூரானிக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "யாராவது ஜன்னலைச் சாத்தினா தேவலை" என்று ஆர்லன் சொன்னால், யார் அந்த யாராவது என்று சுற்றுமுற்றும் பார்ப்பாள். இப்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்புவதற்குள் எழுந்து சாத்திவிடுகிறாள்.

யூரானி கொலம்பியாவில் பாஸ்டோ என்ற மலையூர்க்காரி. டோஃப்டி வீட்டுக்கு ஓபேராக வந்தவள். அதாவது வீட்டோடு தங்கி, அவர்கள் மகள் ஏழு வயது ஸ்வேயாவைப் பள்ளிக்கு அனுப்பி, கூட்டிவந்து, பார்த்துக்கொண்டு, ஒரு வருடத்தில் இந்த ஊரையும் பேச்சையும் பழகிக்கொண்டு போக வந்த பெண். அவள் வருவதற்கு முன்பு அந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று மூலையில் தட்டைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். வந்த முதல் வாரமே, "வீட்டுல யாராவது செத்துட்டாங்களா? ஏன் இப்படிச் சாப்பிடறீங்க?" என்று கேட்டு எல்லோரையும் ஒரே மேசைக்கு இழுத்து வந்தாள். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் பேச்சும் சிரிப்பும் வந்தது. ஒருமுறை ஆர்லன் பாடக்கூடச் செய்தார். பெரியவள் ஒருத்தி பிறந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றும். அவள் போய்விட்டால் மறுபடி மூன்று மூலைதான். போகக்கூடாது, எப்படியாவது அவள் இங்கேயே இருக்கவேண்டும். ஆனால் கேட்கவும் கூடாது.

ஏக்கத்தைத் தீர்த்துவிட்டால் அவளே இருந்துவிடுவாள் என்று ஆர்லன் கணக்குப் போட்டார்.

முதலில் சாப்பாடு. தெற்கே உள்ள நாடெல்லாம் அவருக்கு ஒரே நாடுதான். கடையில் மெக்சிகோ அலமாரியில் இருந்ததிலேயே சிவப்பான மிளகாய்ச் சாஸைத் தேடி வாங்கிவந்து, சோள ரொட்டிக்குள் இறைச்சியை வைத்து அதன்மேல் தாராளமாக ஊற்றினார். யூரானி ஒரு வாய் கடித்தாள். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது.

"எப்படி இருக்கு?"

"ரொம்ப... ரொம்ப நல்லா இருக்கு, ஆர்லன்." கிட்டத்தட்ட ஒரு வருட மினசோட்டா வாசம் அவளுக்கு அந்த அளவு மரியாதையைக் கற்றுக்கொடுத்திருந்தது.

"பாத்தியா லிவ், கண் கலங்கிடுச்சு!"

"மூக்கும் கலங்கியிருக்கு," என்றாள் லிவ்.

அவ்வளவுதான், அந்த வாரம் முழுக்க அதையே செய்தார். பாஸ்டோவில் சாப்பாட்டில் இத்தனை காரம் கிடையாது என்பதை யூரானி ஸ்வேயாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள்.

அடுத்தது படம். பாஸ்டோவின் தலைமாட்டில் நிற்கும் எரிமலையைப் பெரிய அளவில் அச்சடித்து, மேசையில் அவள் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினார்.

"இது எதுக்கு, ஆர்லன்?"

"ஒண்ணுமில்லம்மா. உன் ஊர் உனக்கு ஞாபகம் இருக்கட்டும்னுதான்."

யூரானி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நோய் முற்றுகிறது என்று ஆர்லன் பயந்தார். பெரிய மருந்தாகக் கொடுக்கவேண்டியதுதான்.

பாஸ்டோவைப் பற்றித் தேடிப் படித்தார். கினிப் பன்றி என்ற, முயல்குட்டி மாதிரியான சின்னப் பிராணி என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு உயிர், அது இல்லாமல் அங்கே ஒரு விசேஷமும் நடக்காது என்று போட்டிருந்தது. அந்த வரிக்கு மேல் ஆர்லன் படிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். வரும்போது பழுப்பும் வெள்ளையுமாகப் புசுபுசுவென்று ஒரு கினிப் பன்றி, கழுத்தில் சிவப்பு நாடாவோடு, கூண்டில் வந்தது. வாசலிலேயே ஸ்வேயா அதற்கு மஃபின் என்று பேர் வைத்துவிட்டாள்.

யூரானி கூண்டைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"கூய்! எங்க ஊர்ல இதுக்கு அதான் பேரு. எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு. கிறிஸ்துமஸுக்கு அவர்தான்..."

"வளர்ப்பாரா?" ஆர்லன் முகம் மலர்ந்தது.

"சுடுவார். கம்பியில குத்தி, நெருப்புல திருப்பித் திருப்பி, பொன்னிறமா!"

ஸ்வேயா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் மஃபினைத் தூக்கிக்கொண்டு ஓடிக் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"யூரா! நீ மஃபினைச் சாப்பிடுவியா?"

"இல்லடி செல்லம், எனக்குப் பசிக்கவே இல்ல!" என்றாள் யூரானி பதற்றத்தில்.

உள்ளே அழுகை இரண்டு மடங்கானது. கதவைத் திறக்கவைக்க ரொம்ப நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு யூரானி நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்து எரிமலைப் படத்தைப் பார்த்தாள். "அப்பாவைப் பாக்கணும் போல இருக்கு. இத்தனை மாசமா இப்படி இருந்ததே இல்ல," என்றாள்.

ஆர்லன் பெவ்வுக்குப் போன் போட்டார். இந்த வட்டாரத்து ஓபேர் பெண்களுக்கெல்லாம் பெவ்தான் பொறுப்பு. பண்ணை வீட்டில் பிறந்து வளர்ந்த கட்டை குட்டையான பெண்மணி. மாதம் ஒருமுறை எல்லோரையும் சேர்த்து ஆப்பிள் பறிக்க, பூசணிக்காய் செதுக்க என்று எங்கேயாவது கூட்டிப்போவாள்.

"கூட்டத்துல கலந்தா சரியாயிடும்ப்பா. இந்த மாசம் பௌலிங் போறோம், அனுப்பு," என்றாள்.

"பௌலிங் வேணாம் பெவ். எங்க வீட்டுலயே வெச்சுக்கலாம். ஆளுக்கொரு ஊர்ச் சாப்பாடு, ஆளுக்கொரு ஊர்ப் பாட்டு. மனசுல இருக்கறது வெளிய வந்துட்டா பாரம் குறைஞ்சுடும்."

பெவ் கொஞ்சம் யோசித்தாள். "இது... வித்தியாசமான யோசனைதான்."

எங்கள் பக்கத்தில் ஒன்றை வித்தியாசம் என்று சொன்னால் அதைவிட மட்டமானது உலகத்தில் கிடையாது என்று அர்த்தம். ஆர்லனுக்கு அது தெரியாததல்ல. ஆனால் அன்றைக்கு அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் பனிச் செருப்புகள் மலையாகக் குவிந்தன. போலந்துப் பெண் கொழுக்கட்டை கொண்டுவந்தாள். தாய்லாந்துப் பெண் தேங்காய்ப்பால் சோறும் மாம்பழமும் கொண்டுவந்தாள். மாம்பழம் வழியிலேயே உறைந்து கல்லாகியிருந்தது. அதைச் சுத்தியலால் உடைத்துச் சாப்பிட்டுச் சிரித்தார்கள். ஆர்லன் லிவ்வைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார்.

அப்புறம் தாய்லாந்துப் பெண், அவள் அம்மா தூங்கவைக்கும்போது பாடுகிற பாட்டைப் பாடினாள்.

யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை. ஆனால் முதலில் போலந்துப் பெண் விசும்பினாள். அவளைத் தேற்றப்போன பிரேசில் பெண் அவள் தோளிலேயே சாய்ந்து அழுதாள். அப்புறம் யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்றே தெரியவில்லை. காகிதக் கைக்குட்டை தீர்ந்து, லிவ் குளியல் துண்டுகளை எடுத்துவந்து விநியோகித்தாள். பெவ் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு, விற்றுவிட்ட பண்ணையை நினைத்துத் தனியாக அழுதாள். போலந்துப் பெண் அங்கேயே உட்கார்ந்து போனில் விமான டிக்கெட் போட்டாள்.

"மாசா மாசம் ஆப்பிள் பறிச்சோம், பூசணி செதுக்கினோம், ஒருத்தியும் அழல," என்றாள் பெவ், கிளம்பும்போது. "உன் வீட்டுல ஒரே மத்தியானம்! இப்ப எல்லாரும் மூட்டை கட்டறாங்க."

எல்லோரும் போன பிறகு ஆர்லன் தட்டுகளைக் கழுவ, யூரானி துடைத்து அடுக்கினாள். கண்ணெல்லாம் இன்னும் வீங்கியிருந்தது.

"ஆர்லன், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"நான் ஊருக்குத் திரும்பிப் போறதுதான் நல்லதுன்னு நினைக்கிறீங்களா?"

போகாதே என்ற சொல் ஆர்லனின் தொண்டைவரை வந்தது. போகாதே, நீ போனால் இந்த வீடு வீடாக இருக்காது. வந்த சொல்லை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார். அவள் மனதை நாம் கலைக்கக்கூடாது.

"எங்களைப் பத்தி நீ யோசிக்கவே யோசிக்காதே. நாங்க எப்படியோ சமாளிச்சுப்போம். உன் சந்தோஷம்தான் முக்கியம்."

யூரானி கையிலிருந்த தட்டை மெதுவாக அடுக்கில் வைத்தாள்.

"புரிஞ்சுது. அப்ப ஜனவரியில கிளம்பிடறேன்."

"நல்லது," என்றார் ஆர்லன். ஏற்கெனவே கழுவிய கிண்ணத்தை எடுத்து மறுபடி கழுவினார்.

ஜனவரி வந்தது. விமான நிலையத்தில் ஸ்வேயா யூரானியின் கோட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். லிவ் கட்டிக்கொண்டாள், விட்டாள், மறுபடி கட்டிக்கொண்டாள். ஆர்லனுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. "ஜன்னலோர இடம் கிடைச்சா தேவலை," என்றார். யூரானி சிரித்துக்கொண்டே அழுதாள். "நீங்க ரொம்ப நல்லவர், ஆர்லன்," என்று அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

மூவரும் வண்டியில் திரும்பினார்கள். வீட்டுத் தெரு வந்ததும் ஆர்லன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். வீட்டுக்குள் போக அவருக்கு மனம் வரவில்லை.

"நான் கேட்டிருக்கணும், லிவ்," என்றார். "போகாதே, எங்களோடயே இருன்னு வாய்விட்டுக் கேட்டிருக்கணும்."

பின்சீட்டிலிருந்து ஸ்வேயா எட்டிப் பார்த்தாள்.

"அப்புறம் ஏம்ப்பா அவளைப் போகச் சொன்னே?"

"நானா? நான் எப்ப சொன்னேன்?"

"யூராதான் சொன்னா, 'இன்னொரு வருஷம் இந்த வீட்டுலதான் இருப்பேன்னு எங்க அம்மாகிட்ட அழுது சம்மதம் வாங்கி வெச்சிருந்தேன், அதுக்குள்ள உங்க அப்பா ஊர்ச் சாப்பாடு, ஊர்ப் படம், ஊர்ப் பாட்டுன்னு ஆரம்பிச்சுட்டாரே, கிளம்புன்னு ஒரு வார்த்தை வாயால சொல்லாம எவ்வளவு மரியாதையா அனுப்பறார் பாரு'ன்னு!"