மீனில் பாதியை விழுங்கிய விருந்தாளி

அரோரங்கி, ராரோதொங்கா தீவு
திங்கட்கிழமை

அன்புள்ள தங்கை நோரோவாவுக்கு, அண்ணன் தெயோகொத்தாய் எழுதுவது. இங்கு நானும் மூன்று பன்றிகளும் நலம். ஆக்லாந்தில் நீயும், பக்கத்துத் தெருவில் என் மகளும், பேத்தி தீயாவும் நலமாயிருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்டுக்கொண்டேன்.

உன் கணவரின் தஹீத்தி உறவுக்காரன் மனுத்தேயாவை மூன்று நாள் தங்க அனுப்பினாயே, பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு இன்று காலைதான் விமானம் ஏறினான். "உங்க பாஷையும் எங்க பாஷையும் ஒண்ணுதாண்ணே" என்று சொல்லிக்கொண்டே வந்தான். எங்கே ஒன்று? நாம் மீனை 'இக்கா' என்போம், அவன் நடு எழுத்தை விழுங்கிவிட்டு 'இஆ' என்கிறான். நம் படகு 'வக்கா' அவன் வாயில் 'வஆ' ஆகிறது. என் பெயரிலும் ஒரு வாய் கடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தெரியாத பாட்டை எல்லாரையும்விட உரக்கப் பாடியதில், போதகர் இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவாவது போகட்டும், முற்றத்தில் இருக்கும் என் அகாயிதியின் கல்லறையைப் பெருக்கிவிட்டு, பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, "அண்ணி, நான் மனுத்தேயா. உங்க வீட்டுக்காரரு எப்பவும் உம்முனு இருக்காரு, நீங்க கொஞ்சம் கேளுங்க" என்று முறையிட்டான். அவள் போன இரண்டு வருடத்தில் என்னைப் பற்றி அவளிடம் யாரும் புகார் சொன்னதே இல்லை. நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை தீயா போனில் முகம் காட்டினாள். அவளுக்கு இங்கிலீஷ்தான் வரும். எனக்கு இங்கிலீஷில் பாசம் வராது, வானிலைதான் வரும். "அங்கே மழையா?" என்றேன். "ஆமா" என்றாள். அதோடு தீர்ந்தது. அந்தப் படவா போனைப் பிடுங்கி, அன்று பிடித்த மீனைத் தூக்கிக் காட்டி "இஆ! இஆ!" என்று கத்தினான். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஐயோ, தப்பு! அது இக்கா! தாத்தா, அவருக்குச் சொல்லிக் குடுங்க, இக்கா!" மிச்சமெல்லாம் இங்கிலீஷ்தான், நோரோவா. ஆனால் அந்த ஒரு வார்த்தை நம்முடையது. அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை. மீனைக் கழுவுகிற சாக்கில் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. பன்றிகள்கூடச் சத்தமில்லாமல் தின்கின்றன. ஆகவே இனிமேல் எவனையும் இங்கே அனுப்பாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவைக்கிறேன்.

உன் வீட்டின்மேல் கர்த்தரின் கை இருக்கட்டும், உன் கணவரின் முழங்கால் வலி தீரட்டும்.

அண்ணன்
தெயோகொத்தாய்

பி.கு.: மனுத்தேயாவுக்கு அண்ணன்கள் இருவராம், இருவரும் சும்மாதான் இருக்கிறார்களாம். ஒரு மாதம் வந்து தங்கும்படி எழுதிவிட்டேன், மெத்தைகூடச் சனிக்கிழமையே வாங்கியாயிற்று. வரத் தயங்கினால் நீ கொஞ்சம் பேசிப் பார்.