காலை நேரம் முழுக்கப் பையனுக்குத்தான்

அம்மாவை வேலைக்குப் போகவிடாமல் செய்ய அப்பா ஒரு திட்டம் போட்டார். சத்தம் போடவில்லை, சாப்பிடாமல் படுக்கவில்லை. நேராக விஞ்ஞானத்தைத் துணைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். பொடியன், அதாவது என் தம்பி, இரண்டரை வயதாகியும் சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை. அவன் பிறப்பதற்கு முன்னால் அம்மா ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். இப்போது அங்கே திரும்பக் கூப்பிடுகிறார்கள். காலை ஷிஃப்ட். மாதம் பிறந்ததும் சேரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள்.

"பிள்ளை வாயே திறக்கல. நீ ஊசியத் தூக்கிட்டுக் கிளம்பறியா?"

இது அப்பா. தொண்டையில் இருமலை நிறுத்திவைத்துக்கொண்டு மூக்கால் பேசினால் அச்சு அசல் அவர் குரல் வரும். நான் பழகிவைத்திருக்கிறேன்.

"காலைல நீங்க வீட்லதானே இருக்கீங்க?"

"இருக்கேன். தூங்கிட்டு இருக்கேன்!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அப்பாவுக்கு வாடிக்கையாளர் குறை கேட்கும் வேலை. மத்தியானத்திலிருந்து இரவு வரை முன்னறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத ஆட்களின் ஓடாத வாஷிங் மெஷினுக்காக உருகுவார். "உங்க வருத்தம் எனக்கு நல்லாப் புரியுதுங்கம்மா. கொஞ்சம் லைன்ல இருங்க." தேன் சொட்டும். எங்கள் பக்கம் ஒரு சொட்டும் வந்ததில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது குரலையும் சேர்த்து மாட்டிவிடுவார்.

குழந்தைகள் மையத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. சின்னக் குழந்தைகளோடு வீட்டில் யார், எப்படிப் பேசுகிறார்கள் என்று வந்து கேட்பார்களாம். பேச்சுத் தாமதமான பிள்ளைகளுக்கு அப்புறம் உதவியும் உண்டு. அம்மா போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பா குதிப்பார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்தது.

"வரட்டும். யார் மேல தப்புன்னு அவங்களே சொல்லட்டும்." அம்மா நகர்ந்ததும் என் காதில்: "அம்மா வீட்லயே இருக்கணும்னு ஒரே ஒரு வரி. படிச்சவங்க வாயால வந்துட்டா உங்கம்மா என்ன பண்ணுவா?"

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தூங்குவேன்."

வந்தவருக்கு நான் வைத்த பெயர் ஆய்வக்கா. சின்ன உருவம், பெரிய பை, அதற்குள் ஒரு ரெக்கார்டர். "டிக் அடிக்கிற கேள்வியெல்லாம் கிடையாது சார். உங்க அனுபவத்த உங்க வார்த்தையிலயே சொல்லுங்க. நாங்க தீர்ப்புச் சொல்ல வரல" என்றார். என்றவர், சும்மா இருந்துவிட்டார்.

அதுதான் ஆபத்து. அப்பாவின் தொழிலில் மௌனம் என்றால் லைன் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அவரால் தாங்க முடியாது.

"காலைல எழுந்ததும் நான்தான் மேடம் பேச ஆரம்பிப்பேன்."

மௌனம்.

"இது பல்லு, இது பிரஷ்ஷுன்னு ஒவ்வொண்ணா..."

மௌனம்.

"ஜன்னல்கிட்ட தூக்கி வச்சு பஸ், லாரி, மேகம்..."

மௌனம்.

"கதை சொல்வேன் மேடம்! யானை வந்தா நானே யானையா மாறிடுவேன்!"

அடுப்படியில் எனக்குப் புரை ஏறியது. யானையாக மாறுவது உண்மை. குறட்டையில்.

"காலை நேரம் முழுக்கப் பையனுக்குத்தான்" என்று முடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவளைக் குறை சொல்லக் கூடாது. ஆனா எப்பப் பாத்தாலும் கையும் போனுமாத்தான் இருப்பா."

அந்தப் போனில் அம்மா பேசியதெல்லாம் பொடியனின் டாக்டரிடமும் மையத்திடமும்தான். பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடினாள். நன்றாகக் கேட்பதற்கு.

"பொய்ம்மா! போய்ச் சொல்லிடட்டா?"

என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இரு. இன்னும் சொல்லட்டும்."

அம்மாவின் முறை வந்தது. "அவர் சொன்னது எல்லாமே உண்மைங்க" என்றாள். ஆய்வக்கா தன் மௌனத்தை வீசிப் பார்த்தார். அம்மாவும் மௌனமாக உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து பயிற்சி. அந்தப் போட்டியில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது.

மறுவாரம் ஆய்வக்கா திரும்ப வந்தார். சொன்னதைச் சொன்னவருக்கே படித்துக் காட்டி, சரி என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் எடுத்துக்கொள்வார்களாம். அப்பா கச்சேரி கேட்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். மேகம் வந்தபோது தலையாட்டினார். யானை வந்தபோது தொடையில் தாளம் தட்டினார்.

"ஏதாவது மாத்தணுமா சார்?"

"ஒரு புள்ளி மாத்த வேணாம் மேடம்!"

அந்த நேரம் பொடியன் வந்து ரெக்கார்டரைப் பிடித்து இழுத்தான். ஆய்வக்கா வாங்கப் பார்த்தார். அவன் கையை உயர்த்தி, அவனிடம் இருக்கும் ஒரே வாக்கியத்தை மழலையில் சொன்னான்: "லைன்ல இங்க."

"பாத்தீங்களா! என் பேச்சு!" என்று அப்பா துள்ளினார்.

"ஆமா சார், அவன் பேசறதே உங்க பேச்சுதான். அதனால எங்களுக்கு வேலை சுலபமாப் போச்சு. பயிற்சிக்கு, பிள்ளையோட அதிகமாப் பேசறவங்களத்தான் எடுப்போம். வாரநாள்ல தினமும் காலைல. நீங்களும் பையனும். ஒரு வருஷம்."

"நானா? அப்ப அவங்கம்மா?"

"நீங்க இருக்கும்போது அவங்க எதுக்கு சார்?"

அப்பா திரும்பினார். "ஏய், நீ சொல்லேன்."

"நான் என்னங்க சொல்றது? நான்தான் கையும் போனுமா இருக்கேனே" என்ற அம்மா, போனை எடுத்து லேபைக் கூப்பிட்டாள். "மாசம் பொறந்ததும் வந்துடறேன் சார். ஆமா, காலை ஷிஃப்ட்தான். வீட்ல பிள்ளையப் பாத்துக்க ஆள் இருக்கு."

"கொஞ்சம்... கூடுதலாச் சொல்லியிருப்பேன் மேடம்" என்றார் அப்பா.

ஆய்வக்கா பொடியனிடமிருந்து ரெக்கார்டரை வாங்கிப் போட்டார். "எதுன்னு சொல்லுங்க சார். திருத்திடலாம்."

மௌனம். இந்தத் தடவை அது அப்பாவுடையது.

"உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்று பிறகு கேட்டேன்.

"யாரை எடுப்பாங்கன்னு பேர் குடுக்கும்போதே கேட்டுட்டேன். நீங்க போங்கன்னு நான் சொன்னா உங்கப்பா கேப்பாரா? அவர் வாயாலேயே வரட்டும்னு இருந்தேன்." சிரிப்பாள் என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. தம்பியின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

மாதம் பிறந்தது. எனக்குப் பள்ளி விடுமுறை. அம்மா விடியும்போதே தலைவாரி, பையை மாட்டி, படியிறங்கிப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வகுப்புக்குக் கிளம்புமுன் குழந்தையின் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்து பேசவேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்தார். லிஃப்டில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர்போல் அப்பாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"வணக்கம். சொல்லுங்க, உங்க பிரச்சினை என்ன?"

பொடியன் சொல்லவில்லை. காத்திருந்தான். அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, நீ இத்தனூண்டா இருந்தப்ப நான் உங்கிட்ட என்ன பேசுவேன்?"

இதற்கு மிமிக்ரி செய்யத் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்து, உள்ளதைச் சொன்னேன்.

"அம்மாவைக் கூப்பிடுவீங்கப்பா."