மூட்டைக்கு ஒன்பது லிட்டர்

"மாஸ்டர், மூட்டையில இருக்கிற வீடு தலைகீழா நிக்குதே?" என்றார் மீசைக்காரர்.

டைல்ஸ் மாஸ்டர் குனிந்து பார்த்தார். நிஜம்தான். டைல்ஸ் பசை மூட்டையில் அச்சடித்திருந்த வீட்டுக்குக் கூரை கீழே இருந்தது. அதாவது, இவ்வளவு நேரமும் விரலை ஓட்டி ஓட்டி அவர் 'படித்துக் காட்டிய' மூட்டை தலைகீழாகக் கிடந்தது.

"தெரிஞ்சுதான் போட்டேன்" என்றார் மாஸ்டர். "வேலை நடக்கிற இடத்துல உங்களுக்காக மூட்டையை நேராவா அடுக்கி வெச்சிருப்பான்? எப்படிக் கிடந்தாலும் படிக்கத் தெரியணும். தொழில்காரனுக்கு அதான் அழகு."

மாணவர்கள் நால்வரும் பயபக்தியுடன் தலையாட்டினார்கள். மாணவர்கள் என்றால் சின்னப் பிள்ளைகள் இல்லை. எல்லோருமே நரை தட்டியவர்கள்.

சிக்கல் போன வாரம் ஆரம்பித்தது. தொழிற்பயிற்சி நிலையத்தின் பிரின்சிபால் அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க வகுப்புல இருக்கிற நாலு பேருக்கும் எழுத்து வாசனையே கிடையாது மாஸ்டர். தனியாப் பாடம்னு சொன்னா கௌரவம் பார்த்து ஓடிப்போயிடுவாங்க. அதனால டைல்ஸ் ஒட்டுற வேலைக்குள்ளேயே எழுத்தையும் கணக்கையும் கலந்து விட்டுருங்க. கத்துக்கிறோம்னே அவங்களுக்குத் தெரியக் கூடாது."

"ஆகட்டும்மா" என்றுவிட்டார் மாஸ்டர். வேறென்ன சொல்வது? ரசமட்டம் வைக்காமலே சுவரின் கோணலைக் கண்ணால் பார்த்துச் சொல்கிற மனிதர்தான். ஆனால் எழுத்து விஷயத்தில் அவரும் கைநாட்டு. எண்கள் மட்டும் தெரியும். முழங்கால் தேய்ந்து, குனிந்து தரை போட முடியாமல் போன பிறகு கிடைத்த வேலை இது. உண்மையைச் சொன்னால் இதுவும் போய்விடும்.

முதலில், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதாகச் சொன்னார். மறுநாள் நால்வரும் ஆளுக்கொரு கண்ணாடியுடன் வந்து நின்றார்கள். தொண்டை கட்டிக்கொண்டது என்றார். நால்வரில் ஒருத்தியான தையல்கார அக்கா சுடுதண்ணீரை நீட்டி, "மெதுவாவே படிங்க மாஸ்டர், நாங்க கிட்ட வந்து கேட்டுக்கிறோம்" என்றாள். வழியில்லாமல்தான் இன்று மூட்டையில் விரலை வைத்தார்.

"சரி மாஸ்டர், தண்ணி எவ்வளவு ஊத்தணும்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. அத்தனை எழுத்துக்கும் நடுவில், தெரிந்த முகமாக ஒரே ஒரு எண்.

"ஒன்பது லிட்டர்!"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒன்பதா மாஸ்டர்?"

"அச்சடிச்சவன் என்ன பொய்யா சொல்வான்? ஊத்துங்க."

கலவையில் கரணையை விட்டதுமே மாஸ்டரின் கைக்குத் தெரிந்துவிட்டது, இது பசையில்லை, பாயசம் என்று. ஆனால் படித்துச் சொல்லிவிட்டாரே! கௌரவத்துக்காக ஒட்டச் சொன்னார். பயிற்சிச் சுவரில் டைல்ஸ் வரிசையாக ஏறியது. ஏறிய வேகத்தில் இறங்கவும் தொடங்கியது. மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் சாய, எல்லாமாகச் சேர்ந்து தரையில் விழுந்த நேரம் பார்த்து பிரின்சிபால் அம்மா உள்ளே வந்தார்.

"என்ன மாஸ்டர் இது?"

"பாடம்மா" என்றார் மாஸ்டர், முகத்தில் தெறித்ததைத் துடைத்தபடி. "கவனமில்லாமப் படிச்சா என்ன ஆகும்னு கண்ணால காட்டினாத்தானே மனசுல ஒட்டும்?"

"டைல்ஸ்தான் ஒட்டலை" என்று முணுமுணுத்தார் மீசைக்காரர்.

அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இதைத்தான் நான் கேட்டேன்! அடுத்த மாசம் மேலதிகாரிங்க வர்றாங்க. அவங்க முன்னாடி கலவை அளவை நீங்களே போர்டுல எழுதிப் பாடம் நடத்துங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். எல்லோரும் போனதும் மாஸ்டர் மூட்டையை நிமிர்த்திப் பார்த்தார். வீடு நேராக நின்றது. ஒன்பது ஆறாக இருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவி முன்னால் நின்றார். "உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"எழுதப் படிக்கத் தெரியாது. அதானே?" என்றாள் அவள், காய் நறுக்குவதை நிறுத்தாமல். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பேப்பர்ல படம் மட்டும் பார்த்துட்டு மடிச்சு வெக்கிறது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா கேக்கலை?"

"நீங்க சொல்லலை, நான் கேக்கலை. வந்து உட்காருங்க."

அன்றிலிருந்து காலையில் மனைவியிடம் கற்றதை மத்தியானம் வகுப்பில் இறக்கினார். டைல்ஸின் முதுகில் எழுத்தை எழுதி, அதை அடுக்கச் சொல்லி வார்த்தையாக்கினார். ஒரு சுவருக்கு எத்தனை டைல்ஸ் என்று பெருக்க வைத்தார். பாவம், மாணவர்களுக்கு லேசில் ஏறவில்லை. மீசைக்காரருக்கு 'ழ' வளையவே இல்லை. அவருக்குப் புரியவைப்பதற்காகவே மாஸ்டர் வீட்டில் திரும்பத் திரும்ப எழுதிப் பழகினார். "மக்குப் பிளாஸ்திரிங்க" என்று மனைவியிடம் சலித்துக்கொண்டாலும், அவர்கள் மேல் அவருக்கு ஒரு பாசம் விழுந்துவிட்டது.

அதிகாரிகள் வந்தார்கள். கரணை பிடித்த கை சாக்பீஸைப் பிடித்தது. 'ஒரு மூட்டைக்கு ஆறு லிட்டர் தண்ணீர்' என்று நிதானமாக எழுதினார். ஆறை எண்ணாகப் போடவில்லை, எழுத்தாகவே எழுதினார். இனி எவனும் அதைக் கவிழ்த்து ஒன்பதாக்க முடியாது.

நால்வரும் அதைக் கோரஸாகப் படித்தார்கள். அதிகாரிகள் கைதட்டினார்கள். தையல்கார அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாஸ்டரும் அந்த வரியில் விரலை ஓட்டிப் படித்தார், இந்தத் தடவை நிஜமாகவே.

எல்லோரும் கிளம்பிய பிறகு, வகுப்பைப் பெருக்க வந்த அம்மாளிடம் அவரால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பார்த்தீங்களா? எழுத்து வாசனையே இல்லாம வந்தவங்க. அவங்களுக்கே தெரியாம நாலு பேரையும் படிக்க வெச்சுட்டேன்."

"யாரு, இவங்களையா?" அந்த அம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "போன வருஷம் சமையல் மாஸ்டருக்குப் படிப்பு வர்ற வரைக்கும், எழுத்தே தெரியாதுன்னு அங்க உட்கார்ந்திருந்ததும் இதே நாலு பேருதானே!"