இனிக்காத பலாவும் சக்கரை சாரும்

பலாச்சுளையை வாயில் வைக்காமலேயே பலாவுக்காக இந்த மாவட்டத்தில் அதிகம் அலைந்தவர் சக்கரை சார்தான். இதில் அவரோடு யாரும் போட்டிக்கு வர முடியாது. அவருக்கே சர்க்கரை வியாதி.

கல்லூரியில் அவர் தாவரவியல், நான் வேதியியல். காய் பழமாகும்போது மாவைச் சர்க்கரையாக்கும் மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்காக இனிக்காத பலாவைத் தேடி ஆலங்குடிப் பக்கம் ஒரு டீக்கடையில் அவர் விசாரித்த விதம்தான் வினையாகிவிட்டது.

"இங்கிட்டு யார் வீட்லங்க சக்கரை ஏறவே மாட்டேங்குது?"

அடுத்த வாரம் போனால், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளோடு ஒரு வரிசையே நின்றது. சார் தப்பைத் திருத்தவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு எல்லாச் சீட்டையும் படித்தார். எல்லோரையும் நடக்கச் சொன்னார். டாக்டரைப் பார்க்கச் சொன்னார். பெயர் அன்றோடு ஒட்டிக்கொண்டது.

வரிசையில் கடைசியாக நின்றவர் செல்லம்மா.

"எனக்குச் சக்கரை இருக்குங்க சார். எம் மரத்துக்குத்தான் இல்ல."

சார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். போய்ப் பார்த்தோம். செல்லம்மாவின் பலா காய்க்கும், பழுக்கும், தெருவே மணக்கும். சுளை மட்டும் சப்பென்று இருக்கும். எந்த மரபணு தூங்குகிறது என்று கண்டுபிடிக்க, பிஞ்சிலிருந்து பழம்வரை பத்து நாளுக்கு ஒரு காய் அறுத்து, சுளையை அங்கேயே திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டும். தாமதித்தால் தடயம் அழிந்துவிடும். புகை விடும் அந்தக் குடுவையைப் பிடித்துக்கொண்டு பைக்கில் சாருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். எதிரே வந்த ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பழுக்க இன்னும் நாற்பது நாள் இருக்கையில், புது வீட்டுக்குக் கதவு செய்ய மரத்தை வெட்டப்போவதாகச் செல்லம்மா சொன்னார். இனிக்காத மரத்தை வேறு என்ன செய்வது என்று கேட்டார். நியாயம்தான். சார் முகம் வெளிறிவிட்டது. மூன்று மாத உழைப்பு. கிளம்பியவர், மறுநாள் திருக்கோகர்ணத்திலிருந்து தன் வீட்டு வாசல் கதவைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். நல்ல பலாமரக் கதவு.

"இதை மாட்டிக்கங்க. காய் பழுக்கிற வரைக்கும் மரத்தை விட்ருங்க."

"அப்ப ஒங்க வீட்டுக்கு?"

"போர்வை இருக்குங்க."

கட்டைப் பிரம்மச்சாரி, கேட்க ஆளில்லை. போர்வை தொங்கிய அந்த வீட்டில், தெருநாய் ஒன்று அவருக்கு முன்பே போய்ப் படுத்துக்கொள்ளும். கல்லூரியில் எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தவன் நான்தான். இப்போது வெட்கமாக இருக்கிறது.

பழம் பழுத்தது. இனிக்கவில்லை. சார் பேரன் பிறந்தது போல மகிழ்ந்தார். சர்க்கரையைச் சுளைக்குள் கொண்டுசேர்க்கும் மரபணு ஒன்று கடைசிவரை விழிக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. செல்லம்மா கதவைத் திருப்பி அனுப்பிவிட்டு, தன் வீட்டுக்கு வேப்பங்கதவு போட்டுக்கொண்டார்.

சென்ற ஆனியில் சார் மாரடைப்பில் போய்விட்டார். செல்லம்மாவுக்குச் சேதி சொல்ல நான் போனேன். மரத்தை இனி என்ன செய்வீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்:

"இனிக்காட்டியும் அதை மதிச்சது அவர் ஒருத்தர்தாங்க. அது நிக்கட்டும்."

கிளம்பும்போது ஒரு பழம் கொடுத்தார். வீட்டில் யாரும் இரண்டாவது சுளையைத் தொடவில்லை. நான்கு நாள் வைத்து நான் ஒருவனே தின்று தீர்த்தேன். சாரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.