இன்னும் பெரிசு

"பெரிசு" என்றார் மாமனார்.

அவருக்கு சூப் ஊட்டிக்கொண்டிருந்த மகள் ஸ்பூனை ஏந்தியபடி அப்படியே நின்றுவிட்டாள். பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

"அப்பா, என்ன சொன்னீங்க?"

மாமனார் அவளைப் பார்க்கவில்லை. மேஜையின் அந்தக் கோடியில் மாப்பிள்ளை ஒரு குட்டி விமானத்துக்கு வால் ஒட்டிக்கொண்டிருந்தார். பழைய போர்க்காலத்து விமானத்தின் மாதிரி. இரட்டை எஞ்சின், ரிமோட்டில் பறப்பது. மாமனாரின் விரல் அதைக் காட்டியது.

"இது சின்னதுதான் மாமா" என்றார் மாப்பிள்ளை. "ரெண்டு கை நீளம்கூட இல்லை."

மாமனார் தலையை ஆட்டினார். "இன்னும் பெரிசு."

கல்யாணமாகி மனைவி வீட்டோடு வந்து தங்கியவர் என்பதால் குடியிருப்பில் பால்காரர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். லிஃப்ட் செய்யும் கம்பெனியில் வரைபடம் போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிப்போன ஒரு தொழிற்சாலை மைதானத்தில் குட்டி விமானம் விடுவார். அந்தச் சாமானை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்பது மாமனாரின் உத்தரவு. தன்னைப் பிடிக்காததால் தன் விமானத்தையும் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளை நினைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் மாமனார் அவரிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும். மாமனார் படுத்த பிறகுதான் தைரியம் வந்து விமானம் சாப்பாட்டு மேஜைக்கு ஏறியது.

"அப்பாவுக்கு உள்ளுக்குள்ள ஆசை இருந்திருக்கு" என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது. "வானத்துல விமானச் சத்தம் கேட்டா போதும், எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு வாசலுக்குப் போயிடுவார். அது கண்ணை விட்டு மறையிற வரைக்கும் உள்ள வரமாட்டார். வெளியே சொல்லிக்கலை, அவ்வளவுதான்."

அவர் எதைத்தான் சொல்லியிருக்கிறார். தன் சின்ன வயசைப் பற்றி வாயே திறக்காத மனிதர்.

மறுநாள் கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோ பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் விமானத்தை மாமனார் முகத்துக்கு நேரே காட்டினாள். "பெரிசு, பெரிசு" என்றார்.

"எது இவரைப் பேச வைக்குதோ அதை விட்டுடாதீங்க" என்றாள். "பேச்சு வந்தா நடையும் வரலாம். நாள் தள்ளிப்போனா விளங்காத அந்தக் காலை மறந்துட வேண்டியதுதான்."

மாப்பிள்ளை அன்றே விமானத்தின் வரைபடத்தை ஆபீசுக்கு எடுத்துப்போய், பெரிய தாள் அச்சடிக்கும் மெஷினில் இரண்டு மடங்காக்கி எடுத்தார். மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"இது எந்த பில்டிங் லிஃப்ட்? கதவையே காணோமே."

"இன்னும் வரையலை சார்."

தாளைக் கூடத்தில் விரித்தார்கள். சக்கர நாற்காலியிலிருந்து மாமனார் குனிந்து பார்த்தார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை கண்ணை ஓட்டினார்.

"இன்னும்" என்றார்.

மூன்று மடங்கு என்று முடிவாயிற்று. கூட விமானம் விடும் நண்பர் ஒருவர் உண்டு. விமானத்தின் சுழலும் விசிறியில் விரல் நுனியைப் பறிகொடுத்ததால் அவருக்குப் புரொப்பல்லர் என்று பெயர். அவர் தாளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"நீளத்தை மூணு மடங்கு பண்ணினா எடை மூணு மடங்கோட நிக்காது. இருபத்தேழு மடங்கு. பேட்டரி மோட்டார் எல்லாம் பத்தாது, பெட்ரோல் எஞ்சின் வேணும்."

"போட்டுடலாம்."

"ரெண்டு போடணும். ரெண்டு எஞ்சின்னா ரெண்டு பங்கு பலம்னு நினைக்காதே, ரெண்டு பங்கு வம்பு. மேல போனதும் ஒண்ணு நின்னுச்சுன்னா, ஓடுற இன்னொண்ணு விமானத்தைத் திருகித் தரையில குத்திடும்."

"மாமா ஆசைப்படுறார்" என்றார் மாப்பிள்ளை. இந்த வாக்கியத்தைச் சொல்வதில் அவருக்கு ஒரு தனி சுகம் இருந்தது. அதை அவர் வாழ்நாளில் சொல்ல நேர்ந்ததே இல்லை.

படுக்கையறைக் கட்டில் கழற்றப்பட்டது. அங்கே இறக்கை வளர்ந்தது. மனைவி சோபாவுக்குப் போனாள். வால் வளர்ந்தபோது சோபாவும் இடம் பெயர்ந்து, அவள் அப்பாவின் அறையில் பாய் விரித்துக்கொண்டாள். மரத்தூள் சீப்பில் இருந்தது, தலையணையில் இருந்தது, மாமனாரின் சூப்பிலும் இருந்தது.

எஞ்சினை முதலில் பால்கனியில் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். மேல்வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டி கறுத்துப்போனது. அவர் கத்தியதால் அடுத்த தடவை குளியலறைக்குள் வைத்து ஓட்டினார்கள். ஜன்னல் வழியாகப் புகை கிளம்ப, யாரோ போன் போட்டு, தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. ஒரு வீரர் குளியலறையை எட்டிப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"மாமனாருக்கு."

"அவ்வளவு பகையா?"

ஆனால் அன்றைக்குத்தான் மாமனார் புது வார்த்தை சொன்னார். சத்தம் கேட்டதும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி, "கனம்... இன்னும் கனமா" என்றார். சத்தம் கனமாக வேண்டும் என்கிறார் என்று புரொப்பல்லர் விளக்கினார். விசிறிகளைப் பெரிதாக்கினார்கள். வீடே உறுமியது.

விமானத்தின் உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம் அடித்தபோது மாமனார் மறுத்தார். "அடியில கறுப்பு." கறுப்பு அடித்தார்கள். பிறகு ஒரு மாலையில், "வயித்துல கதவு" என்றார். மாப்பிள்ளை பழைய புகைப்படங்களைத் தேடிப் பார்த்தார். நிஜமாகவே அடிப்பாகம் கறுப்பு. வயிற்றில் இரண்டு கதவுகள், குண்டு போடத் திறப்பவை.

"மாமா சாதாரண ஆள் இல்லை" என்றார் மனைவியிடம். "மேல்பக்கத்தைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். ஆனா அடிப்பக்கம் ஒவ்வொண்ணும் அத்துப்படி."

"எங்கேயாவது படிச்சிருப்பார். ஆனா தூங்கவே மாட்டேங்கறாரே. சாப்பாடும் இறங்கலை. என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கறார்."

"ஆர்வம்" என்றாள் பிசியோ பெண். "குழந்தைங்க பிக்னிக் போறதுக்கு முன்னாடி தூங்குமா?"

மாப்பிள்ளை ரிமோட்டில் திறந்து மூடும்படி வயிற்றுக்கு இரண்டு கதவு செய்தார்.

பறக்கவிடும் நாள் காலையில் இறக்கை வாசலில் சிக்கிக்கொண்டது. எஞ்சின்கள் பதித்த நடுப்பகுதி வாசல் நிலையைவிட ஒரு சாண் அகலம். ஊரில் உள்ள கட்டிடங்களுக்கெல்லாம் கதவு அளவு போட்டுக் கொடுக்கிறவர் தன் வீட்டு வாசலை அளக்க மறந்திருந்தார். சாய்த்துப் பார்த்தார்கள், இன்னும் இறுகியது. எண்ணெய் தடவினார்கள், பிடி நழுவிப் புரொப்பல்லரின் காலில் இறங்கியது. மனைவி உள்ளே மாட்டிக்கொண்டாள், மாமனார் நாற்காலியோடு வெளியே வராந்தாவில் இருந்தார். கடைசியில் மாமனார் ஆசையாகப் போட்ட தேக்கு நிலையை ரம்பத்தால் அறுத்தார்கள்.

மாப்பிள்ளை பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தார். நிலையை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. மருமகனின் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார்.

மாப்பிள்ளை அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார். "எனக்கு ஒரு சிரமமும் இல்லை மாமா. உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

"வேண்டாம், வேண்டாம்."

"பார்த்தியா" என்றார் மனைவியிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த வீட்டுல முதல் தடவையா எனக்காகக் கவலைப்படுறார்."

கதவில்லாத வாசலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டுக் கிளம்பினார்கள்.

மைதானத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஓரத்தில் வறண்ட சாக்கடைப் பள்ளம். அதற்குக் கொஞ்சம் தள்ளி மாமனாரின் நாற்காலியை நிறுத்தினார்கள். பிசியோ பெண் போனில் படம் எடுக்கத் தயாராக நின்றாள். மாமனாரின் அக்காவான அத்தைக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தூரத்து ஊரில் இருப்பவர், முட்டிவலியால் எங்கும் போகாதவர். தம்பிக்குப் பேச்சு வந்துவிட்டது என்று கேட்டதும் பஸ் ஏறியிருந்தார்.

விமானம் ஓடியது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு, மைதானத்தின் முக்கால் பங்கை விழுங்கிவிட்டு, மனசில்லாமல் தரையை விட்டது. பிறகு ஏறியது, திரும்பியது. மாப்பிள்ளைக்கு மூச்சே நின்றுவிடும்போல் இருந்தது. அவ்வளவு அழகு.

"கொஞ்சம் தாழ்வா கொண்டு வா" என்றார் புரொப்பல்லர். "அவர் தலைக்கு மேல. ஆசை தீரப் பார்க்கட்டும்."

தாழ்வாகக் கொண்டுவந்தார். கனத்த சத்தத்தோடு கறுத்த வயிறு அவர்களை நோக்கி வந்தது. மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினார். இரண்டு கதவுகளும் திறந்தன.

பின்னால் பிசியோ பெண்ணின் குரல் கேட்டது. "எழுந்துட்டார். சார், எழுந்து நிக்கிறார்." அடுத்து, "நடக்கிறார். ஐயோ, ஓடுறார்."

திரும்பிப் பார்க்க முடியாது. வானத்திலிருந்து கண்ணை எடுத்தால் விமானம் போய்விடும். எடுத்தார். அந்தக் கணத்தில் இடது எஞ்சின் இருமி நின்றது. விமானம் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு மைதானத்தின் நடுவில் குத்தி விழுந்தது. அது அவருக்கு உறைக்கவே இல்லை. நாற்காலி காலியாக இருந்தது.

மாமனார் பள்ளத்துக்குள் குப்புறக் கிடந்தார். அவருக்கு அடியில் மகள். அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அமுக்கியிருந்தார்.

"விழுந்துட்டாரா?" என்று ஓடினார் மாப்பிள்ளை.

"இல்லைங்க" என்றாள் மனைவி அடியிலிருந்து, சிரிப்பும் அழுகையுமாக. "என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு அவரே ஓடி வந்தார். முழுசாப் பேசுறார், கேளுங்க."

"தலையைத் தூக்காதே" என்றார் மாமனார், மிகத் தெளிவாக. "திரும்பி வரும். அம்மா வர்ற வரைக்கும் தூக்காதே."

"என்னைச் சின்னக் குழந்தைன்னு நினைச்சு விளையாடுறார்."

பிசியோ பெண் அழுதுகொண்டே கை தட்டினாள். புரொப்பல்லர் மாப்பிள்ளையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அப்போதுதான் கேட்டருகே ஆட்டோ வந்து நின்றது. அத்தை இறங்கி, கைத்தடியை ஊன்றி, புழுதியில் மெதுவாக நடந்து வந்தார்.

மாப்பிள்ளை எதிரே ஓடினார். "அத்தை, மாமா எழுந்து ஓடினார். பேசிட்டார். எல்லாம் இந்த விமானத்தாலதான். அவர் ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல, அப்படியே பண்ணினேன்."

அத்தை மைதானத்தின் நடுவில் மல்லாந்து கிடந்த விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு மாப்பிள்ளை இதைத் திரும்பச் செஞ்சீங்க? எங்க அம்மா மேல குண்டு போட்டது இதுதானே."