என் கட்டையை இறக்கிய மூணரை

என் மகள் கல்யாணத்தில் என் மானத்தை வாங்கப் பார்த்தவர் மூணரை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாராவாரம் யாரையாவது திட்டுகிறேன் என்று சில வாசகர்களுக்குக் குறை. இந்த வாரம் தகுதியான ஆளைத்தான் பிடித்திருக்கிறேன். சிகாமட்டிலிருந்து சிங்கப்பூர் பாலம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் மனிதரை இப்படி எரிச்சல்படுத்த இன்னொருவர் கிடைக்க மாட்டார்.

சிம்பாங் ரெங்கத்தில் ஏர்கோன் பழுது பார்ப்பது அப்போது அவர் தொழில். சனி ஞாயிறு எங்கள் இசைக்குழுவில் கீபோர்ட் வாசிப்பார். இரண்டு வேலைக்கும் ஒரே காதுதான். ஒருமுறை என் வீட்டு ஏர்கோனைப் பார்க்க வந்தார். ஏணி போடவில்லை, மூடியைக் கழற்றவில்லை. நடு ஹாலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"அக்கா, இது நாலரையில ஓடுது. நாலுல ஓடணும்."

"வீடு சூடா இருக்கு லா. அத மொதல்ல பாருங்க."

"அதத்தான் சொல்றேன். அரைக் கட்டை ஏறிப்போச்சு."

பாட்டுத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாடுகிறவர்களின் சுருதியை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம். கீபோர்டில் இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்தாற்போல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அவற்றுக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைதான் ஒன்று. அடுத்த வெள்ளை இரண்டு. நடுவில் இருக்கும் கறுப்பு ஒன்றரை. இப்படி ஏழு வரை போய், மறுபடி மேல் ஒன்று வரும். ஆம்பளைக் குரல் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை. பெண் குரல் ஐந்து, ஐந்தரை. நான் ஆறு. இருபது வருடமாக ஆறு. குளுவாங் வட்டாரத்தில் "ஆறு கட்டை அக்கா" என்றால் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

மூணரை என்ற பெயர் அவருக்கு எங்கள் குழுவில் சேர்ந்த முதல் நாளே ஒட்டிக்கொண்டது. எங்கள் ஆண் பாடகர் சேகர் லோரி ஓட்டுகிறவர். புது ஆளிடம் கொஞ்சம் மிதப்புக் காட்டலாம் என்று, "எனக்கு மூணரைக் கட்டை வைங்க" என்றார்.

புது ஆள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அண்ணே, இங்க வாங்க. மூணரை எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டுங்க."

சேகர் குனிந்து பார்த்தார். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பே இல்லை. பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது.

"அலாமாக், உங்க கீபோர்டுல ஒன்னு கொறையுது!"

"உலகத்துல எந்தக் கீபோர்டுலயும் கெடையாது, அண்ணே. மூனும் நாலும் ரெண்டும் வெள்ளை. ஆனா நடுவுல அரைதான் தூரம். ஏழுக்கும் மேல் ஒன்னுக்கும் அப்படித்தான். வெள்ளைக்குப் பக்கத்துல வெள்ளை இருந்தா முழுசுன்னு நெனச்சிடாதீங்க."

பாவம், சேகர் பசிக்கிறது என்றார். விட்டால்தானே? டிரம் வாசிப்பவர், ஒலிபெருக்கிக்காரர், கூட்டித் துடைக்க வந்த அம்மா என்று ஒவ்வொருவராக அழைத்து அந்தப் பொட்டலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வாங்கி வைத்த நாசி லெமாக் சோறு காய்ந்து போனது. அன்றிலிருந்து அவர் மூணரை.

சாஆ என்ற ஊரில் ஒரு கல்யாணம். விருந்தாளிகள் வர நேரமிருந்தது. எந்தக் கட்டையில் தொடங்கினாலும் முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை என்று ஏறினால் நம் பாட்டுகளில் பாதிக்கான சுர வரிசை கிடைத்துவிடும் என்று மூணரை சொன்னார். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மண்டபத்துத் தரையில் எங்களை நடக்க வைத்தார். முழு என்றால் இரண்டு டைல்ஸ், அரை என்றால் ஒன்று. நாங்கள் வரிசையாக "முழு, முழு, அரை" என்று காலை வைத்துப் போகும்போது மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். பெண் வீட்டுச் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்து மாப்பிள்ளையின் பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் பின்னால் நடக்கத் தொடங்கினார். அவருக்குப் பின்னால் தாம்பூலத் தட்டோடு ஏழெட்டுப் பெண்கள். மூணரை அவர்களையும் விடவில்லை.

"பெரியப்பா, மூனாவது அடி அரை! நீங்க முழுசா வச்சிட்டீங்க!"

சரி, என் கதைக்கு வருகிறேன். மூணரைக்கு முன்னால் எங்களுக்கு வாசித்தவர் குமார். சாதுவான மனிதர். சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் விரல் ஒரு கட்டையில் இருக்க, சத்தம் வேறு கட்டையில் வரும். மைனஸ் ஒன்று வைத்தால் அரைக் கட்டை இறக்கம். மூணரை வந்ததும் அந்தப் பட்டன் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். "இது பொய் சொல்ற பட்டன்" என்றார். எனக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டேன்.

மகள் கல்யாணம் வந்தது. விருந்தில் நானே பாடப் போகிறேன் என்று சம்பந்தி வீடு வரை சொல்லி வைத்திருந்தேன். நான் எப்போதும் பாடி கைதட்டல் வாங்கும் பாட்டு. அதில் ஒரு வரி உச்சிக்குப் போகும். மூணரை வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவரோடு அந்தப் பாட்டை இன்னும் பாடியதில்லை. ஒத்திகையில் ஆறு என்றேன். மூணரை ஆறில் வாசித்தார். உச்சி வரியில் என் குரல் கீறிக்கொண்டு போனது. மறுபடி பாடினேன். மறுபடி கீறியது.

"உங்க கீபோர்ட் சரியில்ல" என்றேன்.

"கீபோர்ட் சரியாத்தான் இருக்கு. உங்களுக்கு இப்ப நாலு, அக்கா."

எல்லார் முன்னாலும் சொன்னார். நான் தொழிற்சாலையில் லைன் லீடர். ஐம்பது பேரை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள். என்னை நாலு என்றார்.

"போன மாசங்கூட ஆறுலதான் பாடுனேன். குமார் விரல நான் கண்ணால பாத்தேன்!"

"விரல் ஆறுல இருந்திருக்கும். பட்டன யாரு பாத்தா?"

அங்கேயே குமாருக்குப் போன் போட்டேன். முதலில் மழுப்பினார். அதட்டியதும் கக்கிவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க, அக்கா. மொதல்ல மைனஸ் ஒன்னுதான் வச்சேன். தைராய்டு ஆப்பரேஷனுக்கு அப்புறம் மைனஸ் ரெண்டு. கடைசியா மைனஸ் நாலு. உங்க மனசு கஷ்டப்படும்னுதான் லா…"

எத்தனையோ வருடமாக நான் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு மட்டும் தெரியவில்லை. நியாயமாகக் குமார் மேல்தான் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குமார் அன்பாகப் பொய் சொன்னவர். மூணரை மேல்தான் வந்தது.

"நாலுல வாசிச்சா ஒரே ஒரு கறுப்புதான் வரும். ஆறுன்னா மூனு கறுப்பு. உங்க சோம்பேறித்தனத்துக்கு என் கொரல கொறை சொல்றீங்களா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "நானா சோம்பேறி? நாலரையில வாசிக்கிறேன், அஞ்சு கறுப்பும் வரும். பாடுங்க!" என்று வாசித்தார். பாடினேன். நாலரையிலும் உச்சியில் கீறல் விழுந்தது. அவர் நாலுக்கு இறங்கினார். நான் மைக்கை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

கல்யாண விருந்து குளுவாங்கில். மண்டபம் நிறைய ஆட்கள். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் கட்டையை வாயால் சொல்ல மாட்டோம், விரலால் காட்டுவோம். மேடை ஏறினேன். முதல் வரிசையில் சம்பந்தி வீட்டார். எதிரே மணக்கோலத்தில் மகள். நான் இரண்டு கையையும் தூக்கி, ஐந்து விரலும் ஒரு விரலும் காட்டினேன். ஆறு.

மூணரை கையைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆட்டி ஆட்டிக் காட்டினேன். சம்பந்தியம்மா தனக்குத்தான் கையசைக்கிறேன் என்று நினைத்து அவரும் இரண்டு கையையும் தூக்கி அசைத்தார். அதைப் பார்த்து அந்த வரிசை முழுக்க அசைத்தது. பின்வரிசைக்கும் பரவியது. மண்டபமே எனக்குக் கையசைக்கிறது, கீபோர்ட்காரர் மட்டும் அசையவில்லை. மகள் முகத்தில் சிரிப்பு குறையத் தொடங்கியது. "அம்மா?" என்று வாயசைத்தாள்.

ஒரு கையை இறக்கினேன். ஐந்து. அவர் அசையவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு கட்டை விரலை மடக்கினேன்.

அவர் தலையை ஆட்டினார். விரல் கட்டையில் விழுந்தது.

பாடினேன். உச்சி வரி வந்தது. பயந்துகொண்டேதான் போனேன். தொண்டை பிடிக்கவில்லை, நரம்பு புடைக்கவில்லை. குரல் போய் மேலே நின்றது, நான் சொல்லும் வரை நின்றது. மகள் எழுந்து நின்று கைதட்டினாள்.

சாப்பாட்டுப் பந்தியில் மூணரையைப் பிடித்தேன்.

"நல்லா இருந்துச்சா?"

"நாலுதான். சொன்னேன்ல?"

"அத விடுங்க. நல்லா இருந்துச்சா?"

"ரெண்டாவது சரணத்துல ஒரு எடத்துல கொஞ்சம் ஏறிட்டீங்க."

கோழிப் பிரட்டலை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன வருடம் அவரும் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். பெரிய கட்டடங்களின் ஏர்கோன் வேலையாம். இப்போது எங்களுக்கு வாசிப்பவர், "எந்தக் கட்டைன்னாலும் உங்களுக்கு சூப்பர், அக்கா" என்கிறார். சொல்லும்போதே விரல் பட்டன் பக்கம் போகிறது. எல்லாரும் புகழ்கிறார்கள். ஒருத்தரையும் நம்ப முடியவில்லை.

அடுத்த மாதம் பெக்கோக் கோயில் திருவிழாவில் பாடுகிறேன். சமீபமாக நாலிலும் தொண்டை இறுக்குகிறது. மூன்று முறை பாடிப் பதிவு செய்து மூணரையின் போனுக்கு அனுப்பினேன். மூன்றுக்கும் நீல டிக் விழுந்துவிட்டது. பதில் மட்டும் இல்லை. வாயை மூடத் தெரியாத மனிதர், என் விஷயத்தில் மட்டும் இரக்கப்பட இப்போதுதான் கற்றுக்கொண்டாரா?

மூணரை அவர்களே, இந்தப் பத்திரிகை அங்கேயும் கிடைக்கிறது. வாசகர் கடிதம் பகுதிக்கு எழுதுங்கள், எல்லாரும் படிக்கட்டும். நான் இப்போது எத்தனை? மூன்று என்றால் மூன்று என்றே எழுதுங்கள். நீங்கள் சொன்னால்தான் நான் நம்புவேன்.