பேச்சு சிகிச்சையில் நான் பேசியது

எனக்கு ஒரு கெட்ட வியாதி உண்டு. அடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் நான் பேசி முடித்துவிடுவேன். மனைவியைப் பேச்சு சிகிச்சைக்கு அழைத்துப்போய், அங்கேயும் தானே பேசித் தீர்த்த புருஷன் கொல்கத்தாவில் என்னைத் தவிர இருக்க மாட்டான்.

கல்யாணமாகி ஒரு வருடம் அப்போது. நான் மதுரையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவன். மீரா இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். கோபம் வந்தால் அவளுக்கு வங்காளம்தான் வரும். அவளுக்கு இருப்பது புலிமியா என்றார் டாக்டர். அடக்க முடியாமல் சாப்பிட்டுவிட்டு, பிறகு குற்ற உணர்ச்சியில் வாந்தியெடுக்கிற நோய். (பெயரைக் கேட்டதும் ரசத்தில் புளியை நிறுத்திய அறிவாளி நான்.) பேச்சு சிகிச்சைக்குப் போகச் சொன்னார்.

"ஒரே ஒரு தடவை வரேன். சரிப்படலைன்னா அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றாள் மீரா.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு தடவையும் வீணானால் அவள் தனியாகக் கிடந்து மல்லாட வேண்டியதுதான். பயம் வந்தால் நான் எக்ஸெல் திறப்பேன். எண்ணங்களையும் சாப்பாட்டுப் பழக்கத்தையும் சேர்த்துச் சரிசெய்யும் சி.பி.டி., உறவுகளில் உள்ள சிக்கலைப் பேசும் சிகிச்சை, ஆலோசகர் துணையோடு புத்தகம் வைத்துத் தானே செய்துகொள்வது என்று மூன்றையும் வரிசைப்படுத்தி மதிப்பெண் போட்டேன். உறவு சிகிச்சைக்குப் பூஜ்யம். எங்களுக்குள்தான் ஒரு சிக்கலும் இல்லையே!

கரியாஹாட்டில் மாடியறை. ஆலோசகர் ஐம்பது வயது வங்காளப் பெண்மணி. மீராவைப் பார்த்து "சொல்லும்மா" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். நான் அட்டவணையை நீட்டி இருபது நிமிடம் விளக்கினேன். மீரா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் மேல் மீராவுக்கு ஓபிமான் உண்டா?" என்றார்.

நம் 'அ' வங்காளிகள் வாயில் 'ஓ' ஆகிவிடும். ஒரு வருடத்தில் நான் கற்ற வங்காளம் அவ்வளவுதான். ஓபிமான் என்றால் அபிமானம்! நெஞ்சை நிமிர்த்தினேன்.

"கொட்டிக் கிடக்கு மேடம்! கல்யாணத்தன்னைக்கே ஆரம்பிச்சிடுச்சு. நாளுக்கு நாள் கூடுது. நானும் நல்லா வளர்த்துவிடுறேன்."

அவர் பேனா நின்றது. மீரா மெதுவாகத் திரும்பினாள்.

"தெரிஞ்சுதான் பண்றியா?"

"ஏன், தெரியாதா எனக்கு?" என்று சிரித்தேன் நான், மடையன்.

"மண்டு! ஓபிமான்னா நீ நினைக்கிறது இல்ல. ரொம்ப வேண்டியவங்க மேல வர்ற மனத்தாங்கல். வாய்விட்டுச் சொல்ல முடியாதது."

எனக்கு முகம் செத்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. "எத்தனை தோசைன்னு எண்ணுறே. பாத்ரூம் வாசல்ல வந்து நிக்கிறே. ஒரு நாளாவது 'என்னடி கஷ்டம் உனக்கு?'னு கேட்டியா?"

சொல்லிக்கொண்டே அழுதாள். திடீரென்று, "நாளுக்கு நாள் கூடுதாம்!" என்று சிரித்தும்விட்டாள். ஆலோசகர் என் அட்டவணையை மடித்து என் கையிலேயே கொடுத்து, "நீங்கள் வெளியே உட்காருங்கள்" என்றார்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் போச்சு, என் வாயால் கெட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன். மீரா கண் சிவந்து வெளியே வந்தாள். "அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. சி.பி.டி.தான். நீ வர வேண்டாம்" என்றாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பல வியாழக்கிழமைகள் போனாள். நடுவில் இரண்டு முறை சறுக்கினாள், மறுபடியும் போனாள். இப்போது நன்றாக இருக்கிறாள். நான்தான் மாட்டிக்கொண்டேன். மாமனார் வீட்டில் யாராவது "மாப்பிள்ளை மேல எங்களுக்கு ரொம்ப அபிமானம்" என்றால் போதும், மொத்தக் குடும்பமும் "எந்த பாஷையில?" என்று கத்தும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவி வந்த மீரா, "உன் மேல எனக்கு அபிமானம்டா" என்றாள்.

"எந்த பாஷையில?"

"ரெண்டுலயும்."

பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு என்ன தப்பு செய்தேன் என்று அவளிடமே கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.